பேருந்துச் சீட்டும் அமானிதமும்



வட்டிக்கு அஞ்சுகிறோம். இறைச்சி ஹலாலானதா என்று கடைக்காரரிடம் இருமுறை கேட்கிறோம். ஆனால் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகப் பேருந்தில், நடத்துநர் நம்மிடம் வந்து சேருமுன் இறங்குமிடம் வந்துவிட்டால், கொடுக்காத காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இறங்கிவிடுகிறோம். நம் பேணுதல் ஐந்து ரூபாய்ச் சீட்டில் சறுக்குகிறது.

'அரசாங்கப் பணம்தானே' என்பது இதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம். தனி மனிதரின் கடன் என்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கோரலாம். ஊரார் அனைவரின் சொத்தில் கை வைத்தவர் எத்தனை கதவுகளைத் தட்டுவார்?

கைபர் போரில் கிடைத்த பொருள்கள் பங்கிடப்படும் முன்பே ஒரு போர்வையை எடுத்துக்கொண்டவரின் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. அம்பு பாய்ந்து இறந்த அவரை மக்கள் ஷஹீத் என்று வாழ்த்தினார்கள். அப்போர்வை அவர்மீது நெருப்பாய் எரிவதாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதைக் கேட்ட ஒருவர், தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். வெறும் செருப்பு வார்!

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. இதை 'ஓசி' என்று ஏளனம் செய்வோருக்கு விவரம் தெரியாது. அக்கட்டணத்தை அரசு கழகத்துக்கு ஈடுசெய்கிறது. எனவே நம் தாய்மார்கள் சிறிதும் கூச்சமின்றி அமரலாம். அது அவர்களுடைய ஹக்கு. சீட்டெடுக்காமல் நழுவும் ஆணுக்கு அத்தகைய உரிமை எதுவும் இல்லை. சில்லறை இல்லையென்று மீதியைத் தராமல் விடும் நடத்துநருக்கும் இதே கணக்குத்தான்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. ஐந்து வயதைக் கடந்த பிள்ளைக்கு அரைச் சீட்டு எடுக்க வேண்டும். ஏழு வயது மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "நாலு வயசுதான்" என்கிறார் அத்தா. பிள்ளை அண்ணாந்து அவர் முகத்தைப் பார்க்கிறது. பொய் பேசலாகாது என்று நாங்கள் மதரஸாவில் மாதக்கணக்கில் ஓதிக்கொடுப்பதை அந்த ஒரு சொல் அழித்துவிடுகிறது. மிச்சமாவது சில ரூபாய்கள்.

நெரிசலில் உண்மையாகவே சீட்டெடுக்க இயலாமல் போனவர்கள், அடுத்த பயணத்தில் அதே தொகைக்குக் கூடுதலாக ஒரு சீட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். நடத்துநர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.