அந்த 54 மில்லி

சித்தி பொண்ணு இந்த வருஷம் ப்ளஸ் டூ. போன ஞாயித்துக்கிழமை அவளோட கெமிஸ்ட்ரி ரெக்கார்டைச் சும்மா புரட்டிக்கிட்டு இருந்தேன். பெர்மாங்கனேட் டைட்ரேஷனுக்கு ஒரு டெஸ்ட் ட்யூப் நீர்த்த கந்தக அமிலம், 2 நார்மல்னு எழுதியிருந்தா. "இதை யாரும்மா நீர்த்தது?"ன்னு கேட்டேன். "அது பாட்டில்லயே இருக்கும்ண்ணா."

எங்க ஸ்கூல்லயும் பாட்டில்லயேதான் இருந்துச்சுங்க. நிரப்பி வைக்கிறது லேப் அட்டெண்டர் அண்ணன். கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது. வலது மணிக்கட்டுக்கு மேல தோல் சுருங்கிப் போயிருக்கும். ஒரு தடவை கேட்டப்போ, "அவசரத்துல மாத்தி ஊத்திட்டேன் தம்பி"ன்னு சிரிச்சார். ஆசிட்டைத்தான் தண்ணியில ஊத்தணும்னு நாங்க மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்த அதே லேப்லதான் இது.

என் கட்சி இதுதான். நீர்த்த அமிலத்துக்கான கணக்கை ஒவ்வொரு மாணவனும் ஒரு தடவையாவது தானே போடணும். வாத்தியார் கண்ணாடி, கையுறையோட அதைச் செஞ்சு காட்டணும். அறுபது பசங்க கையில அடர் அமிலத்தைக் குடுக்கச் சொல்லலை, அடிக்க வராதீங்க :-)

கணக்கு ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. அடர் கந்தக அமிலம் 98 சதவீதம், அடர்த்தி 1.84. ஒரு லிட்டர் 1840 கிராம், அதுல அமிலம் மட்டும் சுமார் 1803 கிராம். மூலக்கூறு எடை 98. வகுத்தா 18.4 மோலார். இந்த அமிலத்துக்கு 2 நார்மல்னா 1 மோலார். ஆயிரத்தை 18.4-ஆல வகுத்தா சுமார் 54 மில்லி. நார்மலையும் மோலாரையும் குழப்பிக்கிட்டா 109 வரும். ரெண்டு மடங்கு அமிலம்! கோட்ல தப்புன்னா கம்பைலராவது கத்தும், பீக்கர் கத்தாது.

செய்யற விதத்துலதான் விஷயமே இருக்கு. முதல்ல பீக்கர்ல 700 மில்லி தண்ணி. பீக்கரைக் குளிர்ந்த தண்ணித் தொட்டியில வச்சிட்டு, கண்ணாடிக் குச்சியால கலக்கிக்கிட்டே அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். நல்லாவே சூடாகும். ஆறின பிறகுதான் ஒரு லிட்டர் கோடு வரைக்கும் தண்ணி சேர்க்கணும். (54 மில்லியோட முழுசா ஒரு லிட்டர் தண்ணியைக் கலக்குறது வேற கணக்கு. நானே அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன், ஹி ஹி.)

மாத்தி ஊத்தினா என்ன ஆகும்? தண்ணி லேசு, அமிலத்துக்கு மேலயே நிக்கும். மொத்தச் சூடும் அந்த மெல்லிசான அடுக்குல மாட்டி, தண்ணி அங்கேயே கொதிச்சு, அமிலத்தையும் சேர்த்து மூஞ்சியில தெறிக்கும். சரியா ஊத்தினா அமிலம் கீழ இறங்கும், சூடு அவ்வளவு தண்ணிக்கும் பரவிடும். இந்த நாலு வரியை யாரும் எங்களுக்குச் சொல்லலை. விதியை மட்டும் சொன்னாங்க. காரணம் தெரியாத விதி அவசரத்துல கை கொடுக்காதுங்க. கையில பட்டுட்டா சோடா உப்பு தேடி ஓடாம, குழாயைத் திறந்து குறைஞ்சது இருபது நிமிஷம் கழுவணும்ங்கறதும் அப்புறமாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சித்தி பொண்ணைக் கணக்குப் போடச் சொன்னேன். 109-ன்னு கொண்டு வந்தா. எங்க தப்புன்னு அவளே தேடட்டும்னு விட்டுட்டேன். ராத்திரி பத்தரைக்கு போன்.

"அண்ணா, 54."

"சூப்பர்."

"எங்க லேப் அக்காவும் கண்ணாடி போடறதில்லண்ணா. நாளைக்கு மிஸ்கிட்ட கேக்கட்டா?"