கல்வெட்டில் இல்லாத பெயர்



ஒக்டோபர் 21 புனித உர்சுலாவின் நாள். பிரித்தானிய அரசனின் மகளான அவர், 11,000 கன்னியருடன் உரோமைக்குத் திருயாத்திரை சென்று திரும்புகையில், ஜேர்மனியின் கொலோன் நகரில் ஹூணரின் அம்புகளுக்கு இரையானார் என்பது கதை. பதினோராயிரம்! இதைப் படிக்கும் நம் பிள்ளைகள் சிரிப்பதில் வியப்பில்லை. சிரித்துவிட்டு, "புனிதர் கதைகள் எல்லாமே புனைவு" என்று அவர்கள் முடிவுகட்டினால், பெற்றோர் சினந்துகொள்வதோடு நின்றுவிடலாகாது.

கொலோனில் உர்சுலாவின் பெயரால் அமைந்த ஆலயத்தில் பழைய இலத்தீன் கல்வெட்டொன்று உண்டு. கி.பி. 400ஆம் ஆண்டளவிலானதெனப் பொதுவாகக் கருதப்படுவது. பரிசுத்த கன்னியர் கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்திய இடத்திலிருந்த ஆலயத்தைக் கிளெமாத்தியுஸ் என்பவர் தம் சொந்தச் செலவில் அடித்தளத்திலிருந்து மீளக் கட்டினார் என்கிறது அது. எத்தனை பேர்? சொல்லப்படவில்லை. பெயர்கள்? இல்லை. இளவரசியும் இல்லை, ஹூணரும் இல்லை.

கல் மௌனமாயிருந்த இடத்தில் ஏடுகள் பேசத் தொடங்கின. 9ஆம் நூற்றாண்டளவில் பெயர்களும் ஆயிரக்கணக்கும் வந்து சேர்ந்தன. பதினொரு மறைசாட்சிகள் என்ற இலத்தீன் சுருக்கக் குறியைப் பதினோராயிரம் என வாசித்திருக்கலாம் என்பர் ஆய்வாளர். சிஜபெர்ட் என்ற துறவி தம் காலவரிசை நூலில் இந்நிகழ்வை 453ஆம் ஆண்டில் அமர்த்தினார். அத்தில்லாவின் காலத்தோடு பொருந்தவேண்டுமே! 1136 அளவில் மொன்மத்தின் ஜெப்ரி எழுதிய பிரித்தானிய வரலாற்றிலோ திருயாத்திரையே மறைந்துபோயிற்று. கடல் கடந்து குடியேறிய போர்வீரருக்கு மனைவியராக அனுப்பப்பட்ட பெண்கள் ஆனார்கள் அவர்கள். ஓர் அரசின் தோற்றக் கதைக்கு மறைசாட்சிகள் பயன்பட்டது எனக்கு உவப்பானதன்று.

1106இல் நகர மதிலை விரிவாக்கத் தோண்டியபோது பழைய இடுகாடொன்று வெளிப்பட்டது. எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஆண்களுடையவையும் இருந்தமையால் விளக்கம் தேவைப்பட்டது. ஷோனாவ் மடத்து எலிசபெத்தின் காட்சிகளில், பதவி துறந்து கன்னியருடன் சென்ற சிரியாக்குஸ் என்ற பாப்பரசர் தோன்றினார். திருத்தந்தையர் வரிசையில் அப்படியொருவர் இல்லை.

இவர்களையெல்லாம் பொய்யர் என்று ஒதுக்க மனம் வரவில்லை. சுருக்கமான சாட்சியம் புனிதருக்குக் குறைவு என்று எண்ணிவிட்டார்கள். ஆனால் எண்ணிக்கை பெருகப் பெருக, உண்மையில் உயிர் கொடுத்த அந்தச் சில பெண்களைக் காண்பது அரிதாயிற்று.

1969இல் பொது நாட்காட்டியிலிருந்து இவ்விழா எடுக்கப்பட்டதைச் சிலர் புனிதர் பட்டமே பறிபோனதாகப் பேசுவர். அது தவறு. உரோமை மறைசாட்சியர் நூல் இன்றும் கொலோன் கன்னியரை அதே நாளில் நினைவுகூர்கிறது, உர்சுலாவை அவர்களுள் முதன்மையானவராகக் குறிப்பிடுகிறது, ஆயிரக்கணக்கைச் சொல்வதில்லை.

கேவலார் மாதாவைத் தரிசிக்க ஆண்டுதோறும் செல்லும் ஜேர்மனிவாழ் உறவினர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்கள் கொலோன் பேராலயத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்வதுண்டு. உர்சுலா ஆலயம் அங்கிருந்து நடந்து செல்லும் தூரம்தான். சுவரெங்கும் எலும்புகள் அடுக்கப்பட்ட பொன் அறையைக் காட்டுமுன், அந்தக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள்.