கடலைக் கடந்தோம், ஏட்டில் எழுதினோமா?

ஐரோப்பாவிலே பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்களில் நால்வர் நான்கு சுற்று ஓடும் பந்தயம் ஒன்றுண்டு. 1960 ஆம் ஆண்டு அதன் முதலாவது உலக அணிக் கிண்ணத்தைச் சுவீடன் வென்றது. மறு ஆண்டு போலந்து வென்றது. அன்று ஓடியவர் யார், எவர் எத்தனை புள்ளி பெற்றார் என்பதை அந்நாட்டார் இன்றும் ஏட்டைப் புரட்டிச் சொல்வர். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் ஓட்டத்துக்கே அவர்கள் இத்துணை கணக்கு வைத்திருக்கின்றனர். இரவும் பகலும் கடலோடு பொருதிய எம்மவரின் வரலாற்றை நாம் எவ்வாறு பேணினோம்?

1954 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறைக் கரையில் இறங்கி, பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, கோடியக்கரையில் ஏறினார். அந்நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவரே. ஆயினும் அந்தப் பெருமையை 1966 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திய மிகிர் சென் அவர்களுக்குச் சூட்டும் ஆங்கில ஏடுகள் பலவுண்டு. அவரை நாம் குறைகூறவில்லை. அவர் சென்ற வழி வேறு. அவருடைய ஆற்றலும் பெரிதே. ஆனால் அவருக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது, கடற்படைக் கப்பல்கள் துணை சென்றன, பட்டமும் வந்தது. எம்மவருக்குப் பின்னால் நின்றது ஊர் ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான சான்றும் இதே ஊரில் உண்டு. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, மீண்டும் நீந்தியே திரும்பினார். அதற்கு எடுத்த 51 மணி நேரமும் கணக்கில் ஏறியது. 1984 இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அவர் உயிர் நீத்தார். எழுதப்பட்ட கணக்கு சாகவில்லை. அரை நூற்றாண்டின் பின், 2021 இல், இலங்கை விமானப் படையின் ரொஷான் அபேசுந்தர 28 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் அதனை முறியடித்தார். முறியடித்தவரை வாழ்த்துகிறோம். அவர் முறியடித்தது எவருடைய சாதனை என்பதை நாடே கூறிற்று. எழுதி வைத்ததன் பயன் இதுதான்.

உழவர் பெருமக்கள் இதனை எளிதில் உணர்வர். காணி எத்தனை தலைமுறை கைக்கு வந்ததாயினும், உறுதி இல்லையேல் எல்லைக் கல் நகரும். வரலாறும் அத்தகையதே.

எமது உறுதிகள் சில எரிக்கப்பட்டன என்பதையும் மறப்பதற்கில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 'ஈழநாடு' நாளிதழின் பணிமனையும் எரிந்தது. அது பிறர் இழைத்த கொடுமை. ஆனால் அதன் பின் கழிந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் எஞ்சியவற்றைத் திரட்டாதிருப்பது எமது குற்றமன்றோ?

ஆங்கிலக் கால்வாயில் நீந்துவோர் சொல்லை மட்டும் நம்பி எவரும் சான்று வழங்குவதில்லை. பார்வையாளர் ஒருவர் படகில் உடன் சென்று நேரத்தையும் நீரோட்டத்தையும் குறித்தாக வேண்டும். 1954 இல் நிகழ்ந்ததற்கு இன்று அத்தகைய குறிப்பேடு எழுத இயலாது. ஆனால் அந்நாளில் கரையில் நின்று கண்ட சிறுவர் இன்று எண்பதைத் தாண்டிய முதியவர். அவர்களிடம் சென்று கேட்டெழுத ஆசிரியர்களால் இயலும். அவ்வாக்குமூலங்களைச் சத்தியக் கடதாசியாக்க வழக்கறிஞர்களால் இயலும். சென்னையிலும் கொழும்பிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் அக்கால நாளிதழ்களைத் தேடிப் படியெடுக்கப் படித்த இளைஞரால் இயலும். வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய படத்தையும் நறுக்கையும் வெளியே எடுக்க எல்லோராலும் இயலும்.

அரசு செய்யட்டும் என்று காத்திருந்தால் முதியவர் காத்திருக்கமாட்டார். கடலைக் கடக்க ஒருவருடைய தோள் போதியதாயிருந்தது. அதை எழுதி வைக்க ஓர் இனத்தின் கை போதாதா?