“ஜனங்களுக்குத் தெரியவில்லை” என்கிறார்கள்! தெரியவிடாதது யார்?

கட்டடம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஜனங்கள்தான் வருவதில்லை. ஏன் வருவதில்லை? அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை! சுகாதாரத்தைப் பற்றி எங்கே கூட்டம் நடந்தாலும் மேடையில் வீற்றிருக்கும் பெரிய மனிதர்கள் பாடுகிற பாட்டு இதுதான். பாடி முடித்து, பிஸ்கட்டும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பது யார்? காய்ச்சலோடு வேலைக்குப் போன தொழிலாளி!

இந்தப் பாட்டில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் பேசிவிடுவோம்.

அடையாற்றின் கரையிலே உள்ள ஈக்காட்டுத்தாங்கலை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 1958இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம் கண்ணாடி மாளிகைகளாக நிற்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகள். இடையிலே சந்து சந்தாக லேத் பட்டறைகள், பிரஸ் ஷாப்புகள், ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் கம்பெனிகள். தொழிற்பேட்டைக்குத் திரு.வி.க.வின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1918இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த அதே திரு.வி.க.தான்! அவர் பெயர் தாங்கிய வாசலுக்குள்ளே சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் முதலாளிகள் எத்தனை பேர்! அது போகட்டும்.

இங்கே ஒரு லேத் தொழிலாளிக்குத் தலை கனக்கிறது, பிடரி வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்கிறார்? மருந்துக் கடைக்குப் போய் “தலைவலிக்கு ஒண்ணு கொடுங்க” என்கிறார். வலி தீர்ந்துவிடுகிறது, இரத்தக் கொதிப்பு தீரவில்லை. கொதிப்புக்கு வலி கிடையாது, அடையாளம் கிடையாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். யாரோ சொல்லி அளந்து பார்த்து மாத்திரை ஆரம்பித்தாலும், இரண்டு மாதத்தில் உடம்பு நன்றாயிருக்கிறது என்று நிறுத்திவிடுகிறார். உடம்பு நன்றாயிருந்ததே மாத்திரையால்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் மெஷின் பக்கத்திலேயே கை கால் இழுத்துக்கொண்டு விழுகிறார். சர்க்கரை வியாதியும் இப்படித்தான். “மாத்திரை தின்றால் கிட்னி கெட்டுவிடும்” என்ற பேச்சு டீக்கடை தோறும் நடக்கிறது. கிட்னியைக் கெடுப்பது மாத்திரை அல்ல, அடக்கப்படாத சர்க்கரை!

இன்னொரு நம்பிக்கையையும் பார்க்கலாம். “சர்க்கார் மாத்திரைக்கு வீரியம் இல்லை, ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்?” இதைப் பரப்பியது யார் என்று சற்று யோசிக்க வேண்டும். 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கம்பெனிப் பெயரைப் பார்க்காமல், மருந்தின் சொந்தப் பெயரில் டெண்டர் போட்டு மொத்தமாக வாங்குகிறது. மாதிரி எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறது. கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின், பளபளக்கும் அட்டையில் பெரிய பெயர் சூடி வந்தாலும் அம்லோடிபின்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கிடைத்தாலும் அம்லோடிபின்தான். இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? மருந்துக் கம்பெனிக்கும் தனியார் நர்ஸிங் ஹோமுக்கும்! உழைப்பாளியின் அறியாமை அவர்களுக்கு ஒரு மூலதனம். மேம்பாலத்துக்கு மேம்பாலம் விளம்பரப் பலகை வைக்க அவர்களிடம் பணம் இருக்கிறது. சர்க்கார் சுகாதார நிலையத்தின் பலகையோ சந்துக்குள்ளே மரத்தின் மறைவில் தொங்குகிறது.

ஆகவே, தெரியாமை உயிரைக் குடிக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தெரியாமையை மட்டும் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுகிறார்களே, அங்கேதான் பித்தலாட்டம் ஆரம்பமாகிறது.

2021 செப்டம்பர் 12ஐ நினைத்துப் பாருங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுவதும் கொரோனா தடுப்பூசிக்குப் பெரும் முகாம் நடந்தது. ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். யார் இவர்கள்? விழிப்புணர்வு இல்லை என்று நேற்றுவரை திட்டப்பட்ட அதே ஜனங்கள்! சனிக்கிழமை இரவோடு இரவாக எல்லோரும் வைத்தியப் புத்தகம் படித்துவிட்டார்களா? இல்லை. முகாம் தெருவுக்கு வந்தது. லீவு நாளில் வந்தது. தெரிந்த பாஷையில், தெரிந்த மனிதர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டார்கள். ஜனங்கள் வந்தார்கள்.

இன்னொரு சாட்சியும் உண்டு. 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வின்படி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டில் “மக்களைத் தேடி மருத்துவம்” என்று வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆய்வில் இந்த 7 ஏறத்தாழ 17 ஆனது. போதாது, மிகவும் போதாது, ஆனாலும் ஏறியிருக்கிறது. மைக் கட்டிப் பேசியதாலா ஏறியது? வாசற்படிக்கு வந்த பெண் ஊழியர் அளந்து பார்த்தார், மாத்திரையைக் கையில் கொடுத்தார், ஏன் நிறுத்தக்கூடாது என்று உட்கார்ந்து சொன்னார். அறிவும் மருந்தும் ஒரே கையில் வந்தன. வெயிலில் அலைந்து இந்தக் காரியத்தைச் செய்யும் பெண்களுக்குச் சர்க்கார் கொடுப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகையாம்! இது தனியாக எழுதவேண்டிய அநியாயம்.

இப்போது நேரத்தின் கதைக்கு வருவோம். 2023 ஜூனில் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் 500ஐத் திறந்தார்கள். காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று நேரம் வைத்தார்கள். மாலையிலும் திறப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பட்டறையில் காலை 8 மணிக்கு நுழைந்து இரவு 8 மணிக்கு வெளியே வருகிறவன் எந்த நேரத்தில் போவான்? அவனுக்கு வழி தெரியாதா, வாசல் திறந்திருக்கவில்லையா? அதே 2023இல், ஏப்ரல் 21ஆம் தேதி, வேலை நேரத்தை 12 மணியாக்க வழி செய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் திரண்டெழுந்த பிறகுதான் மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். ஒரு கையால் நலவாழ்வு மையத்துக்கு ரிப்பன் வெட்டுவது, மறு கையால் அங்கே போகிற நேரத்தைத் தொழிலாளியிடமிருந்து வெட்டுவது! சட்டத்திலே வாபஸ் ஆனது. சிறு பட்டறைகளிலே 12 மணி நேரம் வாபஸ் ஆகவில்லை.

அரை நாள் லீவு போட்டுப் போகலாமே என்று புத்தி சொல்கிறவர்கள் உண்டு. அரை நாள் லீவு என்றால் அரை நாள் கூலி போயிற்று. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் மறுநாள் வேலையே போகலாம்.

இங்கேதான் இ.எஸ்.ஐ. வருகிறது. தெரியாமையின் உண்மையான விலையை இதில் காணலாம். 1948இல் சட்டம் வந்தது. 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955இல் நமது மாகாணத்துக்கு வந்தது. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கே.கே. நகரில், இ.எஸ்.ஐ.யின் பெரிய ஆஸ்பத்திரியே நிற்கிறது. 2019 ஜூலை முதல் தொழிலாளியிடம் சம்பளத்தில் நூற்றுக்கு 75 காசும், முதலாளியிடம் 3 ரூபாய் 25 காசும் வசூல் என்று வைத்தார்கள். 12,000 ரூபாய் சம்பளக்காரர் மாதம் 90 ரூபாய் கட்டுகிறார். முதலாளி 390 கட்டவேண்டும். இந்த 90 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று வாசலில் நின்று பத்துப் பேரைக் கேளுங்கள். “ஏதோ பிடிக்கிறாங்க” என்பதற்கு மேல் எத்தனை பேர் சொல்வார்கள்?

சொல்கிறோம், கேளுங்கள். ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், அடுத்து வரும் பலன் காலத்தில் நோய்வாய்ப்பட்டு டாக்டர் சர்டிபிகேட் கொடுக்கும் நாட்களுக்குக் கூலியில் நூற்றுக்கு 70 கிடைக்கும். வருஷத்துக்கு 91 நாள் வரை. நாள் கூலி 400 என்றால் 280 ரூபாய். மூன்று வாரம் படுத்தால், பணம் கிடைக்காத முதல் இரண்டு நாள் போக, 5,320 ரூபாய்! டி.பி. போன்ற நீண்ட வியாதி வந்து, நீண்டநாள் வேலையில் இருந்த நிபந்தனையும் பூர்த்தியாகியிருந்தால், 91 நாளுக்குப் பிறகும் நூற்றுக்கு 80 வீதம் தொடரும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. வைத்தியம் தொழிலாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் உண்டு. இது யாருடைய தர்மமும் அல்ல, நமது சொந்தப் பணம்.

இந்தச் செய்தி தெரிந்தவன் இரண்டு வாரம் இருமினால் சளிப் பரிசோதனைக்குப் போகிறான். கூலி போகாது என்ற தைரியம் அவனுக்கு இருக்கிறது. தெரியாதவன் இருமிக்கொண்டே மெஷின் ஓட்டுகிறான். பக்கத்து மெஷின்காரனுக்கும் கொடுக்கிறான். தெரிவதற்கும் தெரியாததற்கும் இவ்வளவு தூரம்! ஆனால் முதலாளி இதை ஏன் சொல்லவேண்டும்? 10 பேர் இருந்தால் சட்டம் பிடிக்கும் என்பதற்காக 9 பேரை மட்டும் பதிவேட்டில் காட்டுகிற பட்டறைகள் உண்டு. கூலியில் பிடித்துக்கொண்டு, கட்டாமல் விழுங்குகிற கான்ட்ராக்டர்கள் உண்டு. அப்படி விழுங்குவது குற்றம். பத்து இலக்க எண்ணைத் தொழிலாளி கேட்க ஆரம்பித்தால் அந்தக் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே எண்ணைக் கேட்காத தொழிலாளிதான் அவர்களுக்குப் பிரியமான தொழிலாளி.

பாஷை விஷயத்தையும் விடமுடியாது. தமிழ்த் தொழிலாளி கையில் கிடைக்கும் சீட்டில் மருந்தின் பெயர் இங்கிலீஷில். காலையா, மாலையா, சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்பது புள்ளியும் கோடுமாக. பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்து இதே ஈக்காட்டுத்தாங்கலில் ஒரே அறையில் பலர் முடங்கிக் கிடக்கும் தோழர்களுக்குத் தமிழ்ப் பலகையும் கோடுதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஈக்காட்டுத்தாங்கலை மூழ்கடித்தபோது, வெள்ளம் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. வெள்ளத்துக்குப் பின் வரும் எலிக்காய்ச்சலும் கேட்பதில்லை.

கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை. 1946இல் போர் கமிட்டி, முதற்கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது. அந்த நிலையமே அவருக்குக் கதி. நடவு வயலில் பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். “மூடநம்பிக்கை!” என்று பட்டணத்தார் சிரிக்கிறார்கள். இறுக்கிக் கட்டுவது கேடு, விஷமுறிவு மருந்து ஒன்றே வழி, அது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு விவசாயத் தொழிலாளியும் அறியவேண்டியதுதான். கூடவே ஒரு கேள்வி: இரவு 11 மணிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஊசி போட டாக்டர் இருப்பாரா? ஒரு முறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவனுக்கு ஆயிரம் நோட்டீஸ் கொடுத்தாலும் இரண்டாம் முறை வரமாட்டான். மந்திரவாதியின் வீட்டுக் கதவு எந்த ஜாமத்திலும் திறக்கிறதே!

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். எழுத்து தெரிந்தவள் பலகையைப் படித்தாள். சைக்கிள் தெரிந்தவள் அந்த இடத்துக்குப் போனாள். சர்க்கார் இன்று நோட்டீஸை மட்டும் கொடுத்துவிட்டுச் சைக்கிளை மறந்துவிடுகிறது.

நாம் கோருவது இவை: தொழிற்பேட்டைப் பகுதிகளில் நலவாழ்வு மையங்கள் இரவு 10 மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டும் உறையும் தமிழில் இருக்கவேண்டும்; வெளிமாநிலத் தோழர்கள் வசிக்கும் இடங்களில் இந்தியும் ஒரியாவும் வங்காளியும் பேசுகிற ஊழியர் வேண்டும். இ.எஸ்.ஐ. பலன்களைக் காசுக் கணக்கோடு ஒவ்வொரு பட்டறை வாசலிலும் எழுதி வைக்க முதலாளியைக் கட்டாயப்படுத்த வேண்டும். கிராம நிலையங்களில் இரவு டாக்டர் வேண்டும்.

தோழர்களே! சர்க்கார் செய்யும் வரை காத்திருக்கவேண்டியதில்லை. இந்த மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் இ.எஸ்.ஐ. பிடித்தம் எவ்வளவு, பத்து இலக்க எண் எது என்று பாருங்கள். பிடித்தம் இருந்து எண் இல்லையென்றால், சீட்டை எடுத்துக்கொண்டு நேரே சங்க ஆபீசுக்கு வாருங்கள். பக்கத்து மெஷின்காரரையும் அழைத்து வாருங்கள்.