ஆற்றுப் பயணமும் பண்பாட்டுக் கல்வியும்

ஐரோப்பிய ஆறுகளில் சொகுசுக் கப்பலேறி ஒரு வாரம் மிதந்து வந்துவிட்டால், அக்கண்டத்தின் வரலாறும் கலையும் கைவந்துவிடும் என்னும் நம்பிக்கை இன்று பரவலாக வேரூன்றியிருக்கிறது. சுற்றுலா நிறுவனங்களின் வண்ண ஏடுகள் அவ்வாறே கூறுகின்றன. ஓய்வு பெற்றோரும் ஆண்டு விடுமுறைக்குப் பணம் சேர்ப்போரும் அவ்வாறே நம்புகின்றனர். பயணம் இன்பமானது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதற்குப் பண்பாட்டுக் கல்வி என்று பெயர் சூட்டுவது பொருந்துமா? பொருந்தாது என்பதே நேர்மையான விடையாகும்.

பயணம் அமைக்கப்படும் முறையை முதலில் நோக்குதல் வேண்டும். டான்யூப் ஆறு ஜெர்மனியின் கருங்காட்டில் தோன்றி, பத்து நாடுகளைத் தழுவி, ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. இவ்வாற்றில் செல்லும் பெரிய கப்பல்கள் 135 மீட்டர் நீளமுடையவை. அவற்றில் ஏறத்தாழ 190 பேர் தங்கலாம். காலையில் ஓர் ஊரில் கப்பல் நிற்கும். வழிகாட்டியின் பின்னே இரண்டு மணி நேர நடை. நண்பகலில் மீண்டும் கப்பலிலேயே விருந்து. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த வாஹௌ பள்ளத்தாக்கு பகலொளியில் வருமாறு கால அட்டவணை வகுக்கப்படுகிறது. தொழிற்சாலைகளும் அணைகளும் உள்ள பகுதிகள் பெரும்பாலும் பயணிகள் உறங்கும் நேரத்தில் கடந்து போகின்றன. எதைக் காண வேண்டும், எதைக் காணாமல் விட வேண்டும் என்பதை அட்டவணையே முடிவு செய்கிறது. பிறர் தேர்ந்து கொடுத்ததை மட்டும் பார்த்துத் தலையசைப்பது கல்வியாகுமா?

ஆஸ்திரியாவிலுள்ள மெல்க் என்னும் சிற்றூரை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். பாறையின் மீது பொன்னிறச் சுவர்களுடன் எழுந்து நிற்கும் அவ்வூர் மடம், யாக்கோப் பிராந்தௌவர் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1702 ஆம் ஆண்டில் தொடங்கிக் கட்டப்பெற்றது. கப்பல் பயணிகள் அனைவரும் அதன் நூலகத்தையும் ஓவியக் கூரையையும் கண்டு வியக்கின்றனர். வியக்கத்தக்கவையே அவை. ஆயினும், அதே சிற்றூரின் படைவீரர் குடியிருப்பில், 1944 ஏப்ரல் முதல் 1945 ஏப்ரல் வரை நாஜிகளின் வதை முகாம் ஒன்று இயங்கியது. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த மௌட்ஹவுசன் முகாமின் கிளை அது. பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டுவரப்பட்டு, மலையைக் குடைந்து ஆயுதத் தொழிற்சாலைக்குச் சுரங்கம் வெட்டுமாறு ஏவப்பட்டனர். அவர்களுள் ஐயாயிரத்தை நெருங்கிய எண்ணிக்கையினர் ஓராண்டுக்குள் மாண்டனர். பிணங்களை எரித்த கட்டடம் இன்றும் நினைவிடமாக நிற்கிறது. மடத்திற்கு வருவோருள் அங்குச் செல்வோர் எத்தனை பேர்? மௌட்ஹவுசனுக்கு விரும்பியோர் சென்றுவர ஏற்பாடு செய்யும் நிறுவனங்களும் சில உள. ஆயின், மடம் அனைவருக்கும் உரிய பாடமாகவும், முகாம் விரும்பினால் படிக்கத்தக்க பிற்சேர்க்கையாகவும் வைக்கப்படுவதே குறை. ஒரே ஊர், ஒரே ஆறு, ஒரே மக்கள். இவ்விரண்டையும் ஒருசேரக் காணாதவர் மெல்க் நகரைக் கண்டவராகார்.

ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் இக்கதையே தொடர்கிறது. ருமேனியாவுக்கும் செர்பியாவுக்கும் இடையே இரும்பு வாயில் எனப்படும் மலையிடுக்கு உள்ளது. அதன் அருகே பாறையில் செதுக்கப்பட்ட டெசிபாலஸ் மன்னனின் மாபெரும் முகத்தைக் கண்டதும் பயணிகள் மேல்தளத்திற்கு விரைந்து படம் எடுக்கின்றனர். பழஞ்சிற்பம் போல் தோன்றும் அது 1994 முதல் 2004 வரை செதுக்கப்பட்டதாகும். உண்மையிலேயே பழைமை வாய்ந்த ஒன்று அங்கே நீருக்கடியில் கிடக்கிறது. அதா காலே என்னும் தீவில் துருக்கிய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். கோட்டையும் பள்ளிவாசலும் கடைத்தெருவும் அங்கு இருந்தன. ருமேனியாவும் அன்றைய யூகோஸ்லாவியாவும் இணைந்து கட்டி 1972 இல் திறந்த அணையின் நீர்த்தேக்கத்தில் அத்தீவு முழுகியது. மக்கள் துருக்கிக்கும் ருமேனியாவின் பிற ஊர்களுக்கும் சிதறினர். பள்ளிவாசலின் பெருங்கம்பளம் மட்டும் கான்ஸ்டான்சா நகரப் பள்ளிவாசலில் இன்றும் விரிந்திருக்கிறது. ஓர் ஊரின் மீதே மிதந்து செல்வதை அறியாமல் அதன் அருகிலுள்ள புதுச்சிலையைப் படம் பிடிப்பதற்குப் பண்பாட்டுப் பயணம் என்று பெயர்!

இன்னொன்றும் உண்டு. பயணிகள் நுகரும் இயற்கையழகு தானே வந்து வாய்த்ததன்று. பலர் போராடிக் காத்தது. வியன்னாவுக்குக் கிழக்கே ஆற்றோரக் காடுகள் அடர்ந்திருக்கின்றன. ஹைன்பர்க் என்னுமிடத்தில் மின் நிலையம் அமைப்பதற்காக அக்காடுகளை அழிக்க முனைந்தபோது, 1984 டிசம்பரில் மாணவர் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர் கடுங்குளிரில் அக்காட்டில் குடியேறித் தடுத்தனர். காவலர் தடியடி நடத்தியும் அவர்கள் கலையவில்லை. அரசு பின்வாங்கியது. 1996 இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. ரைன் ஆற்றின் வரலாறும் இத்தகையதே. 1986 நவம்பர் முதல் நாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே இரசாயனக் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லி நஞ்சு ஆற்றில் கலந்தது. ஆறு செந்நிறமாயிற்று, விலாங்கு மீன்கள் பெருந்தொகையாய் மடிந்தன. அதன் பின்னரே கரையோர நாடுகள் 1987 இல் கூட்டுத் திட்டம் வகுத்து ஆற்றைத் தூய்மை செய்தன. லோரலைப் பாறையின் கன்னிக் கதையை ஒலிபெருக்கியில் கேட்கும் பயணி, தான் காணும் தெளிந்த நீருக்கு யாருக்கு நன்றி கூற வேண்டும் என்பதையும் கேட்டறிய வேண்டாவா?

"விடுமுறைக்குச் செல்வோரை ஏன் வருத்த வேண்டும்? நடக்க இயலாத முதியோர் வேறெவ்வாறு ஐரோப்பாவைக் காண்பர்?" என்று சிலர் வினவக்கூடும். முதியோருக்கும் உடல் நலிந்தோருக்கும் கப்பல் பெருந்துணை என்பதை மறுப்பதற்கில்லை. ஓய்வை ஓய்வென்று சொல்லி விற்பதில் குற்றமுமில்லை. ஓய்வைக் கல்வியென்று சொல்லி விற்பதே கண்டிக்கத்தக்கது. மேலும், முதியோரின் கால்கள் தளர்ந்திருக்கலாம், அறிவு தளரவில்லை. போரையும் பஞ்சத்தையும் கண்டு வளர்ந்த தலைமுறையினருக்குக் கோட்டைக் கதைகள் மட்டும் போதும் என்று கருதுவது அவர்களை இழிவுபடுத்துவதாகும்.

இதில் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பொறுப்பு யாது? பயணக் கட்டுரை தமிழில் நிலைபெற்ற ஓர் இலக்கிய வகை. வகுப்பறையிலும் அது எழுதப்படுகிறது, இதழ்களிலும் அச்சேறுகிறது. அண்மைக் காலத்தில் வரும் இத்தகைய கட்டுரைகள் பலவற்றில் விளம்பர ஏட்டின் சொற்களே வேறு உடை உடுத்தி வருகின்றன. 'கண்கொள்ளாக் காட்சி', 'மறக்க முடியாத அனுபவம்' என்பவற்றைத் தவிர அங்கு வாழும் மனிதர் ஒருவரையும் அவற்றில் காண இயலவில்லை.

தமிழ் மரபு இவ்வறுமைக்கு இடம் தருவதன்று. ஆறு என்னும் சொல்லுக்கு நீரோட்டம் என்பதோடு வழி என்னும் பொருளும் உண்டு. வழி காட்டும் இலக்கியமே ஆற்றுப்படை. பெரும்பாணாற்றுப்படை, பரிசிலை நாடிச் செல்லும் பாணனுக்கு வழியைக் கூறும்போது, உப்பு வணிகரையும் எயினரையும் ஆயரையும் உழவரையும் மீனவரையும், அவர்கள் உண்பதையும் உழைப்பதையும் ஒவ்வொன்றாய்க் காட்டிச் செல்கிறது. வழியென்பது அங்கு வாழும் மக்களே என்னும் தெளிவு அதில் உண்டு. அவ்வளவுகோலைக் கையில் வைத்திருப்போர் வண்ண ஏட்டிடம் எழுதக் கற்க வேண்டிய தேவையில்லை.

ஆகவே, ஐரோப்பிய ஆற்றைப் பற்றி மாணவர் எழுதும் கட்டுரையில் மூன்று வினாக்களுக்கேனும் விடை இருக்குமாறு ஆசிரியர் கேட்பாராக. இக்கரையில் உழைத்தோர் யாவர்? இங்கு அழிக்கப்பட்டோர் யாவர்? இவ்வாற்றைக் காத்தோர் யாவர்? இவ்வினாக்களோடு செல்பவர் கப்பலில் சென்றாலும் கற்றுத் திரும்புவர். இவையின்றிச் செல்பவர் நடந்தே சென்றாலும் நீரையும் கல்லையும் மட்டுமே கண்டு திரும்புவர்.