சக்கரத்தில் ஏறிய கறை

மோட்டார் வண்டியின் அலுமினியச் சக்கரங்களில் கருங்கறையைக் கண்டதும், துடைக்கும் வேலைக்குப் புதியவர்கள் திராவகத்தைத் தேடுகிறார்கள். வேண்டாமென்போம் நாம். அது வெறும் தெருப்புழுதியன்று. பிரேக் தேயுங்கால் சிதறும் இரும்புத்துகள், சூட்டோடு மேற்பூச்சில் பதிந்து துருவேறுகிறது. திராவகமோ கறையோடு அலுமினியத்தையும் அரித்துவிடக்கூடும். அத்தழும்பு கழுவினாற் போகாது.

சக்கரம் ஆறட்டும். முதலில் தண்ணீர் பீய்ச்சி மணலைப் போக்குக; பின்னர் வண்டி கழுவும் சோப்பு நீரும் மெல்லிய பிரஷும். எஞ்சிய துகளுக்கு அமிலம் சேராத இரும்புநீக்கி உண்டு. இரும்பைத் தொட்டதும் ஊதாவாகும். உலருமுன் அலசிவிட வேண்டும். முடிவில் மென்துணியால் பாலிஷிட்டு மெழுகு பூசலாம்.

ஆனால் பிரேக் தட்டில் மெழுகு ஒரு துளியும் படலாகாது. பளபளப்புக்காக வண்டியை நிறுத்தும் சக்தியை இழக்கலாமா?