தலைக்கு இவ்வளவு, மொழிக்கு எவ்வளவு?

பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸில், மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி. மார்ச் மாதம் வந்தால் அங்கே தலைமையாசிரியரின் மேஜையில் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டின் பட்ஜெட். இன்னொன்று, செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டின் பாட அட்டவணை. இரண்டும் ஒத்துப்போவதில்லை. அட்டவணைப்படி வகுப்பு நடத்தினால் பட்ஜெட்டில் துண்டு விழும். பட்ஜெட்படி நடத்தினால் அட்டவணையில் ஓட்டை விழும். பிரெஞ்சு சொல்லித்தர ஆள் இருக்காது, அல்லது உயிரியல் ஆசிரியரே இயற்பியலையும் நடத்த வேண்டியிருக்கும்.

சிறு பள்ளிகள் எங்கிருந்தாலும் படும் பாடுதானே இது என்று கேட்கலாம். ஆனால் இந்தப் பள்ளிகளில் கணக்கும் வரலாறும் வெல்ஷ் மொழியில் கற்பிக்கப்படுகின்றன. இங்கே ஒரு பாடத்தைக் கைவிட்டால், அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அதைத் தங்கள் மொழியில் படிக்கும் வாய்ப்பே பறிபோகலாம்.

அந்த வாய்ப்பு சுலபமாகக் கிடைத்ததல்ல. 1847ல் லண்டன் அரசு அனுப்பிய மூன்று ஆங்கிலேய ஆணையர்கள், வேல்ஸ் மக்களின் முன்னேற்றத்துக்கு அவர்களுடைய மொழியே தடை என்ற தோரணையில் அறிக்கை தந்தார்கள். வகுப்பில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்ட பள்ளிகளும் 19ம் நூற்றாண்டில் இருந்தன. உள்ளாட்சி நடத்தும் முதல் வெல்ஷ் வழி ஆரம்பப் பள்ளி 1947ல்தான் வந்தது. முதல் வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளி 1956ல் வடக்கே ரில் நகரில் திறக்கப்பட்டது.

இன்று வேல்ஸ் அரசின் பேச்சே வேறு. 2050க்குள் 10 லட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்று 2017ல் இலக்கு வைத்தது. 2025ல் அதைச் சட்டத்திலும் எழுதிவிட்டது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கு எதிர்த்திசையில் போகிறது. 2011ல் 5.62 லட்சமாக இருந்த வெல்ஷ் பேசுவோர் எண்ணிக்கை 2021ல் 5.38 லட்சமாகக் குறைந்தது. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் இது 17.8 சதவீதம். ஆக, இலக்கை எட்ட வேண்டுமானால் பள்ளிகளைத்தான் நம்பியாக வேண்டும்.

பள்ளிகளுக்குப் பணம் வரும் வழி இது. வேல்ஸ் அரசு 22 உள்ளாட்சி கவுன்சில்களுக்கு மொத்தமாக நிதி தருகிறது. ஒவ்வொரு கவுன்சிலும் தன் பள்ளிகளுக்கு அதிலிருந்து பங்கிடுகிறது. அப்படிப் பங்கிடும் தொகையில் குறைந்தது 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கைப்படி போக வேண்டும் என்பது 2010ம் ஆண்டு விதி. பள்ளியின் அளவு, கட்டடத்தின் நிலை போன்றவற்றை மீதமுள்ள பங்கில்தான் கவனிக்க முடியும். தலையை எண்ணிக் காசு கொடுப்பது பார்வைக்கு நியாயமாகவே இருக்கிறது. பெரிய பள்ளிகளில் அது நடைமுறைக்கும் ஒத்துவருகிறது.

சிறு பள்ளியில் நடப்பது வேறு. ஒரு கணக்குக்காகத் தலைக்கு 5,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வகுப்புகள் உள்ள பள்ளியில் 30 மாணவர்கள் குறைந்தால் ஒன்றரை லட்சம் பவுண்டு போய்விடும். ஆனால் அந்த 30 பேரும் ஒரே வகுப்பில் குறைவதில்லை. வகுப்புக்கு ஆறு பேர், பிரிவுக்கு இரண்டு மூன்று பேர் என்று குறைவார்கள். அதற்காக எந்த வகுப்பையும் மூட முடியாது. 25 பேருக்கு வரலாறு நடத்தினாலும் 22 பேருக்கு நடத்தினாலும் ஆசிரியர் ஒருவர்தான், சம்பளமும் ஒன்றுதான். குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக வைத்திருக்கும் செலவும் குறையப்போவதில்லை.

பள்ளிச் செலவில் பெரும்பகுதி சம்பளம். எனவே துண்டு விழுந்தால் கத்தி அங்கேதான் விழும். அதிலும் நாள்காட்டி குறுக்கே நிற்கிறது. ஆகஸ்ட் இறுதியில் ஓர் ஆசிரியர் பணியைவிட்டுப் போனால், அந்த நிதியாண்டில் மிச்சமாவது ஏழு மாதச் சம்பளம் மட்டுமே. ஆட்குறைப்பு என்றால் அதற்கான இழப்பீட்டைப் பொதுவாகக் கவுன்சில்தான் ஏற்க வேண்டும். பள்ளியின் பையில் மிச்சமாவது கவுன்சிலின் பையிலிருந்து போகிறது.

பற்றாக்குறையோடு ஒரு பள்ளி ஆண்டை முடித்தால் அந்தக் கடன் அடுத்த ஆண்டின் தலையில் ஏறும். சில ஆண்டுகளுக்குள் சரிக்கட்டுவதற்கான மீட்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்து, பள்ளியின் நிர்வாகக் குழு கவுன்சிலின் ஒப்புதலைப் பெற வேண்டும். நிலைமை மிக மோசமானால் நிதி அதிகாரத்தைக் கவுன்சிலே திரும்ப எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. மறுபக்கம், உயர்நிலைப் பள்ளி ஒன்று லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்து வைத்தால் அதைச் செலவிடும்படி கவுன்சில் உத்தரவிடலாம். கையிருப்பே பெரிதாக இல்லாத சிறு பள்ளிக்கு ஒரு கொதிகலன் பழுதானாலும் நெருக்கடிதான்.

கொரோனா காலத்தில் நிதியாண்டு முடியும் தறுவாயில் வந்த மானியங்களால் பள்ளிகளின் கையிருப்பு வீங்கியது. 2022 மார்ச்சில் வேல்ஸ் முழுவதும் அது சுமார் 30 கோடி பவுண்டு. பிறகு விலைவாசியும் மின்கட்டணமும் சம்பள உயர்வும் அதைக் கரைத்தன. 2025 ஏப்ரலில் ஊழியர்களுக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீட்டு விகிதம் 13.8லிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது.

மாணவர்கள் ஏன் குறைகிறார்கள்? பிறப்பு குறைந்திருக்கிறது. இளைஞர்கள் வேலை தேடி வெளியேறுகிறார்கள். மிஞ்சும் இளம் தம்பதிகளுக்கு வீடு கட்டுப்படியாவதில்லை. மக்களில் 64 சதவீதம் பேர் வெல்ஷ் பேசும் குவினெத் மாவட்டத்தில் அழகான கடற்கரைக் கிராமங்களின் வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்காக வாங்கி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வீடுகளுக்கான கூடுதல் வரியை அந்தக் கவுன்சில் 2023ல் 150 சதவீதமாக உயர்த்தியது. வீட்டு விலையைத் தலைமையாசிரியர் நிர்ணயிப்பதில்லை. ஆனால் அதன் விளைவு அவருடைய பட்ஜெட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சிக்கல் அதிகம் தெரிவது 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் வகுப்புகளில். அவற்றுக்கான நிதி தனி. 2024 ஆகஸ்டிலிருந்து அது மெட்ர் என்ற ஆணையத்தின் பொறுப்பு. ஒரு பாடத்துக்கு நாலைந்து பேர்தான் என்றால் அந்த நிதி போதாது. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்து ஈடுகட்ட நேரிடும். பாடத்தையே நிறுத்தினால், அதை விரும்பும் மாணவர் பஸ் ஏறிப் பக்கத்து நகரத்துக் கல்லூரிக்குப் போய்விடுவார். அங்கே பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலம். அவர் போனதால் பள்ளியில் ஒரு தலை குறையும், அடுத்த ஆண்டு இன்னொரு பாடம் ஆட்டம் காணும். மிச்சம் பிடிக்கப்போய் நஷ்டத்தை வளர்த்த கதை இது.

வழி தேடாமலும் இல்லை. ஆரம்பப் பள்ளியையும் உயர்நிலைப் பள்ளியையும் ஒரே நிர்வாகத்தில் இணைத்தார்கள். மகன்த்லெத்தில் 2014லும், டோல்கெத்லாய் வட்டாரத்தில் 2017லும், பாலாவில் 2019லும் இப்படிப் பள்ளிகள் உருவாயின. தலைமையாசிரியர் ஒருவர், அலுவலகம் ஒன்று என்பதால் நிர்வாகச் செலவு குறைகிறது. 2018ல் கெரெடிகியோன் மாவட்டத்தில் தொடங்கிய ‘இ-ஸ்கோல்’ திட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் நடத்தும் பாடத்தை வேறு பள்ளி மாணவர்களும் திரையில் நேரடியாகக் கற்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலிருந்து வந்த யோசனை அது. நாலு பள்ளிகளில் இரண்டிரண்டு பேராகச் சிதறிக் கிடந்தவர்களைக் கொண்டு ஒரு வகுப்பு தேறுகிறது. ஆனாலும் வேதியியல் சோதனையைத் திரையில் செய்து பழக முடியாது. இணைந்த பள்ளிக்கும் பணம் தலைக்கணக்குப்படிதான் வரும்.

கவுன்சிலர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பானை ஒன்றுதான். 250 பேர் படிக்கும் பள்ளிக்குக் கூடுதலாக அள்ளினால், 1,200 பேர் படிக்கும் நகரப் பள்ளிக்குக் குறையும். அங்கும் வெல்ஷ் கற்கும் பிள்ளைகள் உண்டு. மேலும், மூன்று பேர் மட்டும் உள்ள வகுப்பில் விவாதமும் போட்டியும் இல்லாமல் படிப்பது அந்த மூவருக்கே நல்லதா என்ற கேள்வியும் இருக்கிறது. எல்லாச் சிறு பள்ளிகளையும் அப்படியே காப்பாற்றுவது மொழிக்குச் செய்யும் சேவை ஆகிவிடாது.

ஆனால் பற்றாக்குறையில் இரண்டு ரகம் உண்டு. திட்டமிடாத நியமனம், கவனிக்காத ஒப்பந்தம், தள்ளிப்போட்ட பழுது ஆகியவற்றால் வருவது ஒன்று. அதற்குப் பள்ளிதான் பொறுப்பு. தூரத்தாலும் மொழியாலும் வருவது இன்னொன்று. அது எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். ஆண்டுதோறும் திரும்ப வரும் ஒரு செலவை ஆண்டுதோறும் தவறு என்று எழுதி, மீட்புத் திட்டம் கேட்பதில் அர்த்தமில்லை. நிதிப் பங்கீட்டிலேயே அதற்கென ஒரு தொகையை ஒதுக்கி, மூன்றாண்டுகளுக்கு மாறாது என்று உறுதி சொல்லலாம். தலைக்கணக்குக்கு வெளியே உள்ள 30 சதவீதத்தில் கவுன்சிலுக்கு அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் 10 லட்சம் என்ற இலக்கு வேல்ஸ் அரசுடையது. அந்தத் தொகையில் அதன் பங்கும் இருக்க வேண்டும்.

அப்படிச் செய்தால் பள்ளியை மூடுவதா, வைத்துக்கொள்வதா என்ற முடிவையும் நேர்மையாக எடுக்கலாம். இந்தப் பாடத்தை வெல்ஷ் மொழியில் படிக்க அடுத்த இடம் எத்தனை மைல் தூரம், அங்கே போய்வர பஸ் உண்டா என்று முதலில் கேட்கலாம். இப்போதோ மொழியின் தலைவிதி எவருடைய கையெழுத்தும் இல்லாமல் தீர்மானமாகிறது. மாற்று ஆள் போடாத ஒரு பணியிடம், அட்டவணையிலிருந்து உதிரும் ஒரு பாடம் என்று அது சிறுகச் சிறுகப் போகிறது. மார்ச் மாதம் வந்தால் தலைமையாசிரியர் மறுபடி இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பாடத்தை அடிப்பது என்று பென்சிலோடு உட்காருகிறார்.